பிஸ்கட் டின்னும் ஆறு துண்டுக் கடதாசியும்

2018 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போவதென்று நாங்கள் ஆறு பேர் முடிவெடுத்தோம். எல்லாரும் உயர்தரம் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போன பிறகு, கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மட்டும் சந்திக்கிறவர்களாக மாறிக்கொண்டிருந்தோம். ஒரு இரவாவது ஒரே இடத்தில் பாய் விரித்துப் படுத்து விடிய விடியக் கதைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை இருந்தது. வங்கியில் வேலை செய்யும் களுவாஞ்சிக்குடிக்காரி கடலோர ஹோட்டல் ஒன்றில் இரண்டு அறை பதிந்தாள். ஆளுக்கு 6,000 ரூபா வரும் என்று வாட்ஸ்அப்பில் போட்டாள். ஆறு பேரும் "ஓம்" என்று பதில் போட்டோம்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு செங்கலடிக்காரியிடமிருந்து செய்தி வந்தது. "காய்ச்சல். நான் வரல்ல. நீங்க போயிட்டு வாங்க."

ஐந்து பேர் போனோம். இடம் நல்ல இடம்தான், கடலும் நல்ல கடல். ஆனால் திரும்பும் நாள் பில்லைப் பார்த்தபோது வாயடைத்துப் போனோம். சொன்ன விலைக்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கும் மேல் வரி. வராதவளின் பங்கும் எங்கள் ஐந்து பேர் தலையில். ஆளுக்கு 9,000 ரூபாவுக்கு மேல் போனது. நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். அந்த மாதம் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய காசை அக்காவிடம் கடன் வாங்கித்தான் கொடுத்தேன். அறை பதியும்போது "வரியெல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது முன்னமே தெரிந்திருக்கும். இப்போது நான் எந்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பில்லைப் பற்றி அல்ல.

வரும் வழியில் ஒரு சட்டித் தயிர் வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் காய்ச்சல்காரியைப் பார்க்கச் செங்கலடிக்குப் போனேன். அவள் தையல் மெசினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூடச் சட்டைகள் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தன. கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. காய்ச்சலின் அடையாளமே இல்லை. என்னைக் கண்டதும் ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தங்கச்சிக்குக் கிளாஸ் காசு கட்ட வேண்டியிருந்திச்சு. சொன்னா நீங்க எனக்கும் சேர்த்துப் போட்டிருப்பீங்க. அதுதான் சொல்லல்ல."

அந்த வீட்டு வாசலில் இருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்து வந்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நாங்கள் தொகையை முடிவெடுத்துவிட்டுத்தான் அவளிடம் "வாறியா?" என்று கேட்டிருந்தோம். அந்தக் கேள்விக்கு "ஓம்" என்று சொல்வதைவிட வேறு வழியை நாங்கள் அவளுக்கு வைக்கவில்லை. காசு இல்லை என்று கூட்டாளிகள் முன்னால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது, சொல்ல வேண்டி வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதை நான் மற்ற நாலு பேரிடமும் சொன்னேன். காய்ச்சல் பொய் என்று அவளைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு கிழமை யோசித்து, அவளிடமே கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். அன்றைக்கு எல்லாரும் கூடியது காத்தான்குடிக்காரியின் வீட்டில். அவள் ஆசிரியை. அவளுடைய உம்மாதான் இந்த வழியைக் கண்டுபிடித்துத் தந்தவர்.

வழி இதுதான். ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசி. "இந்தப் பயணத்துக்கு என்னால் நெஞ்சு நோகாமல் போடக்கூடியது எவ்வளவு?" என்பதற்குத் தொகையை மட்டும் எழுதி, பெயர் போடாமல், மடித்து ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். நாங்களே திறந்தால் பயனில்லை. ஆறு பேரும் ஒரே வகுப்பில் கொப்பி மாற்றி எழுதியவர்கள், யாருடைய 7 எப்படி வளையும், யாருடைய 5க்குத் தொப்பி நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் உம்மா மட்டும் திறப்பார். ஆறையும் பார்த்து, ஆகக் குறைந்த தொகையை மட்டும் சத்தமாகச் சொல்லுவார். மற்ற ஐந்து தொகையும் அவரோடு போய்விடும். கடதாசி ஆறும் அடுப்புக்குள் போய்விடும்.

முதல் முறை உம்மா சொன்னது: "ஆயிரம். இதுக்குள்ள பாருங்க மகள்."

ஆயிரம் ரூபாவுக்குள் எங்கே போவது? அதே பாசிக்குடாவுக்குத்தான் போனோம். செப்டெம்பர் மாதம், கடல் இன்னும் அமைதியாக இருக்கும் காலம். மட்டக்களப்பில் ரயில் ஏறினோம், செங்கலடிக்காரி ஏறாவூரில் ஏறினாள், கல்குடா நிலையத்தில் இறங்கினோம். மூன்றாம் வகுப்புச் சீட்டு. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததால் வயலையும் பற்றைக்காட்டையும் பார்த்துக்கொண்டே போனோம். வீட்டிலிருந்து பிட்டு, மாசிச் சம்பல், அவித்த முட்டை, வாழைப்பழம் கட்டி எடுத்திருந்தோம். கடற்கரை பொதுக் கடற்கரை, அதற்கு யாரும் காசு கேட்பதில்லை. பாசிக்குடாவின் விசேஷம் அதன் ஆழமில்லாத் தண்ணீர். எவ்வளவோ தூரம் உள்ளே நடந்து போனாலும் இடுப்பளவு, மார்பளவுதான். நீந்தத் தெரியாத ஆறு பேருக்கு இதைவிட நல்ல கடல் இல்லை. செங்கலடிக்காரி சுடிதார் நனைய நனைய நடந்து போய்த் தூரத்தில் ஒரு புள்ளியாக நின்று, திரும்பி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஒரு மாதத்துக்கு முன் நாங்கள் 9,000 கொடுத்துப் பார்த்தது இந்தத் தண்ணீரைத்தான்.

அந்த நாளில் ஒரே பிரச்சினை உடுப்பு மாற்ற இடம். பெண்கள் பகல் பயணம் போனால் கடலையும் சாப்பாட்டையும் யோசிக்கிறோம், இதை யோசிப்பதில்லை. கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே இருந்த ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் ஆறு பிளேன்டீ குடித்துவிட்டு, கடைக்கார அக்காவிடம் கேட்டோம். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியைக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்கே போனாலும் கடற்கரைக்குப் போகமுன் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துப் பழக்கம் பிடிப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. எங்கே ஆட்டோ மலிவு, எந்தப் பக்கம் கடலில் இழுவை, எத்தனை மணிக்குக் கடைசிப் பஸ் என்பதெல்லாம் அந்தத் தேத்தண்ணியோடு சேர்ந்து வந்துவிடும்.

ஆறு பேர் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டோவில் பின்னால் மூன்று பேர்தான். ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ சரியாகப் போதும். மூன்று மூன்றாகப் படுத்தால் இரண்டு அறையே போதும். இடையில் ஒருமுறை ஏழாவதாக ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனோம். அந்த ஒரு ஆளுக்காக மூன்றாவது ஆட்டோ, மூன்றாவது அறை. அவளோடு எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, கணக்குத்தான் இடித்தது. மூன்று, ஆறு, அல்லது வான் பிடிப்பதென்றால் பத்து என்று ஆளைச் சேர்ப்பது நல்லது. நாலும் ஏழும் செலவான எண்கள்.

2019 ஜனவரியில் இருந்து டின்னுக்குள் மாதம் 500 ரூபா போடத் தொடங்கினோம். எங்கள் அம்மாமார் சீட்டுப் பிடித்து வீடு கட்டியவர்கள், கலியாணம் செய்து கொடுத்தவர்கள். நாங்கள் பயணத்துக்குச் சீட்டுப் பிடித்தோம், அவ்வளவுதான். ஆளாளுக்குச் சம்பள நாள் வேறு. அரசாங்க வேலைக்காரிகளுக்கு மாதம் முடிய முன், எனக்கு 10ஆம் திகதி, தையல்காரிக்கு நாளே கிடையாது. எல்லாருடைய கையிலும் காசு இருக்கும் ஒரு நாளைப் பார்த்து 12ஆம் திகதி என்று வைத்தோம். இது சின்ன விசயமாகத் தெரியலாம். ஆனால் முன்பு 25ஆம் திகதி என்று வைத்திருந்தபோது நானும் செங்கலடிக்காரியும் ஒவ்வொரு மாதமும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பை மட்டக்களப்பில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு பல மாதம் எந்தத் தாயும் பிள்ளையை வெளியே விடவில்லை. பழி முஸ்லிம் ஊர்கள்மேல் விழுந்த நாட்கள் அவை. காத்தான்குடிக்காரி எங்களுக்கு எழுதுவதையே நிறுத்திவிட்டாள், எங்களுக்கும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆரையம்பதிக்காரி தாதி. அவள்தான் ஒருநாள் வேலை முடிந்து நேரே காத்தான்குடிக்குப் போய், உம்மாவின் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு கல்லடிக் கடற்கரைக்கு வந்தாள். அன்றைக்கு ஆறு பேரும் மணலில் இருந்து ஒரு பை கச்சான் சாப்பிட்டோம். நாங்கள் போனதிலேயே செலவு குறைந்த பயணம் அது. ஆனால் அதை நான் இன்னும் பெரிய பயணமாகத்தான் நினைக்கிறேன்.

கொரோனா இரண்டு வருசத்தைக் கொண்டுபோனது. 2022 நடுப்பகுதியில் டின்னுக்குள் 27,000 ரூபா இருந்தது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டது. சேர்த்த காசு டின்னுக்குள் இருந்தபடியே பாதிக் காசாகிக்கொண்டிருந்தது. ஜூலையில் கூடி, ஆளுக்கு 4,500 ஆகப் பங்கு போட்டுவிட்டோம். எல்லார் வீட்டிலும் அது அரிசியாகவும் மருந்தாகவும் போனது. பயணத்துக்குச் சேர்த்த காசு இப்படிப் போய்விட்டதே என்று எனக்குக் கவலை இருந்தது உண்மை. ஆனால் வீட்டில் அடுப்பு எரியாதபோது டின்னில் காசை வைத்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது.

அந்த மாதம் ஊரே சைக்கிளுக்குத் திரும்பியிருந்தது. நாங்களும் அண்ணன் தம்பிமாரின் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு விடியவே பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கு மிதித்தோம். 1913இல் கட்டிய வெளிச்சவீடு. வாவி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம். இவ்வளவு காலம் மட்டக்களப்பில் இருந்தும் எங்களில் இரண்டு பேர் அதைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை! தூரத்துக்குப் போனால்தான் பயணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பிழை என்று அன்றைக்கு விளங்கியது. ஒரு போத்தல் தண்ணீரும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காயும்தான் செலவு.

அந்தச் செப்டெம்பரில் உம்மா மறுபடி டின்னை எடுத்தார். இந்த முறை கேள்வியை மாற்றினோம்: மாதத்துக்கு எவ்வளவு? ஆயிரம் என்று வந்தது. செப்டெம்பரில் இருந்து மார்ச் வரைக்கும் ஏழு மாதம், ஆளுக்கு 7,000, ஆறு பேருக்கு 42,000. அதுதான் எங்கள் அறுகம்பை.

ஏன் மார்ச்? நவம்பரில் இருந்து தை மாதம் வரைக்கும் எங்கள் பக்கம் மழை. ஏப்ரல் கடைசியில் இருந்து ஒக்டோபர் வரை அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம், வெளிநாட்டுக்காரர் வந்து நிறைவார்கள், அறை விலை ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அதற்குள்ளும் பார்க்க வேண்டியவை பல: 2023இல் மார்ச் கடைசியில் நோன்பு தொடங்கியது, மாதத் தொடக்கத்தில் போயாவோடு (பௌர்ணமி விடுமுறை) சேர்ந்த நீண்ட விடுமுறை. இரண்டுக்கும் இடைப்பட்ட வெறும் வார இறுதியைப் பிடித்தோம். நீண்ட விடுமுறைக்குப் போகாதீர்கள் என்பதை நான் அடித்துச் சொல்லுவேன். கொழும்பும் கண்டியும் அன்றைக்குத்தான் கிழக்குக்கு வரும். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போடுவது அந்த நெரிசலைவிட எவ்வளவோ மேல்.

வீடு பிடிப்பதில் ஏற்கெனவே ஒருமுறை சூடு கண்டிருந்தோம். வேறொரு பயணத்துக்கு முழுக் காசையும் முன்கூட்டி அனுப்பி, போய் இறங்கியபோது "அறை வேற ஆக்களுக்குக் குடுத்தாச்சு, பின்னுக்கு ஒண்டு இருக்கு" என்று ஜன்னலே இல்லாத அறையைக் காட்டினார்கள். இந்த முறை பிரதான வீதியில் உள்ள விடுதிகளை விட்டுவிட்டு, உள் ஒழுங்கையில் முழு வீடாகத் தேடினோம். ஆரையம்பதிக்காரியோடு வேலை செய்யும் ஒருவரின் ஊர் அறுகம்பைக்குப் பக்கத்துப் பொத்துவில். அவர் வழியாகக் கிடைத்தது. மூன்று அறை, ஒரு குசினி, இரவுக்கு 6,000. பாதிக் காசுகூட முற்பணமாகக் கொடுக்கவில்லை, 2,000 மட்டும். களுவாஞ்சிக்குடிக்காரி வீட்டுக்கார அக்காவோடு வீடியோவில் பேசி ஒவ்வொரு மூலையாகக் காட்டச் சொன்னாள். அவள் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் பாடம்: எரிவாயு சிலிண்டர் யாருடையது? கரண்ட் காசு தனியா? குடிக்கிற தண்ணீர் கிணறா, பைப்பா? கழிவறைக்கு உள்ளிருந்து பூட்டு இருக்கிறதா? வளவுக்குள் வேறு யார் தங்குவார்கள்? கடைசிக் கேள்விக்கு "நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுலதான்" என்று பதில் வந்ததும் எங்கள் அம்மாமாருக்கு நிம்மதி. அந்த அக்காவின் தொலைபேசி இலக்கத்தை ஆறு வீட்டுக்கும் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டோம். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் பயணம் போவதென்றால் வீட்டுச் சம்மதமும் செலவுக் கணக்கில் ஒரு பகுதி. இரவு பஸ்ஸில் போனால் ஒரு இரவு வாடகை மிச்சம் என்று பொடியன்மார் சொல்லலாம். எங்களுக்கு இருட்டமுன் போய்ச் சேருவதே கணக்கு.

பொத்துவில் பஸ் போகும் வழியில்தான் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம். இருந்தாலும் எல்லாரும் மட்டக்களப்பு நிலையத்துக்கே வந்து ஏறினோம். நூறு கிலோமீற்றருக்கு மேல் நின்றுகொண்டு போக முடியாது. மண்டூர்க்காரி மட்டும் குருமண்வெளிப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையில், வந்து களுவாஞ்சிக்குடியில் ஏறினாள், அவளுக்கு ஒரு பை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தோம். திரும்பி வரும் நேரத்தையும் அவளைப் பார்த்துத்தான் வைப்போம். பிந்தினால் பாதை இல்லை, களுவாஞ்சிக்குடியில் தங்க வேண்டிவரும். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று ஊர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்து, கோமாரியைத் தாண்டினால் வீடு குறைந்து வெளி திறந்துகொள்ளும். அந்தப் பாதையைப் பார்ப்பதற்கே பஸ் காசு கொடுக்கலாம்.

சாப்பாட்டுக்கு நாங்கள் ஒதுக்கியது 11,000. வீட்டிலிருந்தே அரிசி, பருப்பு, தேங்காய், கறித்தூள், ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுபோனோம். வெள்ளிக்கிழமை எங்களில் நாலு பேருக்குச் சைவம். காத்தான்குடிக்காரிக்கு ஹலால் பார்க்க வேண்டும். கடையில் சாப்பிட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கடை தேட வேண்டும். சமைத்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. வெள்ளி இரவு சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், சொதி. சனி விடிய வள்ளங்கள் கரைக்கு வரும் இடத்துக்கு நடந்து போய் மீன்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஒரு விசயம் நடந்தது. பிரதான வீதியில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு கடை வாசலில் பெரிய பெரிய இறால்களை ஐஸில் பரப்பி வைத்திருந்தார்கள். களுவாஞ்சிக்குடிக்காரி நின்றுவிட்டாள். "வாங்கடி, இண்டைக்கு நான் தாறன்" என்றாள். அவளுக்கு அன்றைக்குச் சம்பள உயர்வு வந்த சந்தோசம், நல்ல மனதோடுதான் சொன்னாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செங்கலடிக்காரி கீழே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஆரையம்பதிக்காரிதான் சொன்னாள்: "டின்னுக்குள்ள இருக்கிறத மட்டும் செலவழிப்பம். உன்ட காசு உன்னோட இருக்கட்டும்."

களுவாஞ்சிக்குடிக்காரி கோபிக்கவில்லை. நாளைக்கு விடிய வள்ளத்தடியில் பார்ப்போம் என்றாள். ஞாயிறு விடிய அங்கே போய்ப் பேரம் பேசி, பொதுக்காசில் ஒரு கிலோ இறால் வாங்கினோம். கடை இறாலில் பாதி அளவுகூட இல்லை. தேங்காய்ப்பால் விட்டு, முருங்கைக்காய் போட்டு மண்டூர்க்காரி சமைத்தாள். செங்கலடிக்காரி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

காசு கூடியவர் கூடுதலாகப் போடுவது நல்ல குணம் என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். ஒருமுறைக்கு அது நல்லது. இரண்டாம் முறை வாங்குகிறவருக்குப் பாரம், மூன்றாம் முறை அவர் வரமாட்டார். அதனால் பயணத்தில் ஒரே ஒரு பை, ஒரே ஒரு கை. மண்டூர்க்காரி கணக்குக் கொப்பி வைத்திருப்பாள், பஸ் சீட்டு முதல் தீப்பெட்டி வரைக்கும் அவள்தான் கொடுப்பாள். அவரவர் சொந்தக் காசில் தங்கச்சிக்கு வளையல் வாங்கலாம், கூட்டத்துக்குச் சாப்பாடு வாங்கக் கூடாது.

காசு கொடுத்துப் பார்க்கும் விசயம் ஒரு பயணத்துக்கு ஒன்றுதான் என்று வைத்திருக்கிறோம். அறுகம்பையில் அது பொத்துவில் களப்பில் வள்ளப் பயணம். இரண்டு வள்ளத்துக்கு 5,000. வள்ளக்காரர் நீண்ட கம்பால் ஊன்றி ஊன்றிக் கண்டல் மரங்களுக்குள் கொண்டுபோனார். காத்தான்குடிக்காரி அவரை அண்ணன் முறையில் நானா என்றாள், நாங்களும் நானா என்றோம். "தங்கச்சி, சத்தம் போடாம வாங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பை நிறுத்தினார். கரைச்சேற்றில் ஒரு முதலை, மரக்கட்டைபோல. அதன் முதுகுக்கு மேல் ஒரு தும்பி வந்து இருந்து, எழும்பி, மறுபடி அதே இடத்தில் இருந்தது. முதலை அசையவே இல்லை. ஆறு பேரும் மூச்சுவிடவில்லை. பெரிய சத்தக்காரியான ஆரையம்பதிக்காரியே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யானைக்கல்லுக்கு இரண்டு ஆட்டோவில் போனோம். ஏறிப் பார்க்க யாரும் காசு கேட்கவில்லை. மற்றக் கடற்கரையில் எங்களுக்கு விடியல்தான், கல்லின் மேல் நின்றால் நிலத்துப் பக்கம் சூரியன் இறங்குவதும் தெரியும். அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, ஆட்டோக்கார அண்ணன் இருட்டமுன் இறங்கச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார், இறங்கிவிட்டோம். போகவும் வரவும் காத்திருக்கவும் சேர்த்து விலையை ஏறமுன்னே பேசிவிட வேண்டும். இறங்கிய பிறகு பேசினால் இருவருக்கும் மனம் நோகும். கடலில் குளிக்கும் இடத்தையும் அவரிடமே கேட்டோம். அறுகம்பை பாசிக்குடா இல்லை, இழுவை உண்டு. முழங்காலுக்கு மேல் நாங்கள் இறங்கவில்லை.

கல்லில் இருந்து இறங்கும்போது மண்டூர்க்காரிக்குக் காலில் வெட்டுப்பட்டது. தாதி ஒருத்தி கூட இருந்ததால் பதறவில்லை, கழுவிக் கட்டிவிட்டு, ஊசி போட அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஆஸ்பத்திரியில் காசு இல்லை, ஆட்டோவுக்கு மட்டும் 700. அதற்கென்றே தொடாமல் ஒரு தொகை வைத்திருந்தோம்.

திரும்பி வந்து கொப்பியை விரித்தபோது: வீடு 12,000, பஸ் 6,000, சாப்பாடு 11,000, ஆட்டோ 4,500, வள்ளம் 5,000. தொடாத காசு 3,500இல் 2,800 மிஞ்சியது. அது மறுபடி டின்னுக்குள் போனது.

குமணவுக்குப் போக வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. பறவைகளைப் பார்க்கவும், அப்படியே உகந்தை முருகனைக் கும்பிடவும். ஜீப் வாடகைதான் பெரிய செலவு. இரண்டு பேர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும் ஒரே விலை என்பதால், ஆறு பேரும் வந்தால்தான் எட்டும். போன கிழமை காத்தான்குடியில் கூடினோம். செங்கலடிக்காரிக்கு இப்போது சொந்தமாக ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது, அடுத்த மாதம் கலியாணம் ஆகப்போகும் தங்கச்சிக்கும் அவள்தான் தைக்கிறாள். ஆரையம்பதிக்காரிக்கு இரண்டாவது பிள்ளை. களுவாஞ்சிக்குடிக்காரி வீட்டுக் கடன் எடுத்திருக்கிறாள். யாருடைய கையில் கூட, யாருடைய கையில் குறைய என்று எனக்கு இப்போது தெரியாது.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு கடதாசியையும் ஒவ்வொன்றாக விரித்தார். இரண்டாவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆறையும் ஒன்றாகக் கசக்கி, தேத்தண்ணிக் கேத்தல் இருந்த அடுப்புக்குள் போட்டார்.

"ஆயிரத்து ஐநூறு, மகள். சல்லிய பன்னிரண்டாம் திகதிக்குக் கொண்டு வாங்க. தேத்தண்ணிக்குச் சீனி போடவா, வேணாமா?"